பூனைக்குத் தூண் வாங்குகிறீர்களா? முதலில் அசைத்துப் பாருங்கள்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் ராகி. களி நிறத்தில் உடம்பு, அதன்மேல் கறுப்புக் கோடு. வேறு பெயர் வைக்க மனசு வரவில்லை. போன மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மாம்பழ அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. ஆடி முடிவதற்குள் சோபாவின் இடது கை நார்நாராகத் தொங்கியது.

பதறிப்போய் ஆன்லைனில் ஒரு ஸ்கிராட்சிங் போஸ்ட், அதாவது பூனை பிராண்டுவதற்கென்றே விற்கிற தூண், வாங்கினேன். ரோஸ் நிறத்தில் பஞ்சுபோன்ற துணி, உச்சியில் ஒரு மணி, ஒன்றரை அடி உயரம். படத்தில் அவ்வளவு அழகு. வந்த இரண்டாம் நாள் ராகி முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் வைத்து ஒரு இழு இழுத்தது. தூண் அப்படியே சாய்ந்து அதன் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் சுவரோரமாக ஒதுங்கித்தான் போகும். தூண் இப்போது பரணில் இருக்கிறது, மணியோடு.

அந்தத் தோல்விக்குப் பிறகு படித்தும் கேட்டும் செய்துபார்த்தும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாதம்தான் பூனை வளர்க்கத் தொடங்கினீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பிராண்டுவது குறும்பு இல்லை

பூனையின் நகம் அடுக்கடுக்காக வளரும். மேல் அடுக்கு பழசானதும் அதைக் கழற்றிப் போட்டால்தான் அடியில் இருக்கும் கூர் வெளியே வரும். சோபா மடிப்பில் தேடிப்பாருங்கள், பூண்டுத் தோல் மாதிரி மெல்லிசாக, பிறை வடிவில் ஒன்று கிடைக்கும். நகம் பிய்ந்துவிட்டதோ என்று நான் முதல் தடவை பயந்தேன். அது கழற்றிப்போட்ட சட்டைதான்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. தூங்கி எழுந்ததும் தோளும் முதுகும் நீளச் சோம்பல் முறிக்க அதற்குப் பிடிமானம் வேண்டும். அப்புறம், பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிராண்டுகிற இடத்தில் ‘இது என் இடம்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறது. கண்ணுக்குத் தெரிகிற கீறலும் அந்தக் கையெழுத்தில் ஒரு பங்குதான்.

அதனால் திட்டுவதிலும் அடிப்பதிலும் பயன் கிடையாது. நீங்கள் இல்லாதபோது பிராண்டும், அவ்வளவுதான். நகத்தையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்வது ஒவ்வொரு விரலிலும் நுனி எலும்பை வெட்டி எடுப்பதற்குச் சமம். அந்தப் பேச்சே வேண்டாம்.

“பூனைக்குத் தூணா? எங்க காலத்துல திண்ணைத் தூணு இருந்துச்சு, கொல்லையில வேப்பமரம் இருந்துச்சு. அதுபாட்டுக்குப் போயி பிராண்டிட்டு வரும்” என்றார் அம்மா. சரிதான். மொசைக் தரை, டைல்ஸ் சுவர், இரும்பு கேட் என்று நாம் வீட்டைக் கட்டிக்கொண்டோம். நகம் இறங்குகிற பொருள் என்று அதில் மிச்சமிருப்பது சோபா ஒன்றுதான்.

முதல் வாரம் காசு செலவழிக்காதீர்கள்

உங்கள் பூனை இப்போது எதைப் பிராண்டுகிறது என்று பாருங்கள். சோபா கை, கதவு நிலை, திரைச்சீலை என்றால் அது நின்றுகொண்டு பிராண்டுகிற ரகம். கால்மிதியும் பாயும் கிழிகிறதென்றால் படுக்கைவசத்தில் பிராண்டுகிற ரகம். இரண்டும் செய்கிற பூனைகளும் நிறைய.

எந்தப் பொருள் பிடிக்கும் என்பதையும் ஓசியிலேயே சோதித்துவிடலாம். கிருஷ்ணகிரியில் மாம்பழ அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பிரித்துத் தரையில் போடுங்கள். ஒரு சணல் சாக்கைப் பலகையில் இறுக்கிச் சுற்றி, சரியாமல் சுவரோடு சேர்த்துக் கட்டி நிறுத்துங்கள். பட்டையோடு ஒரு விறகுக்கட்டையும் போட்டுவையுங்கள். ஒரு வாரத்தில் எதில் கீறல் அதிகம் என்று தெரிந்துவிடும்.

தர்மபுரியில் இருக்கும் என் அக்கா இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போய் உயரமான தூண் ஒன்றை வாங்கினார். அவர் வீட்டுப் பூனை கால்மிதிக் கட்சி. தூணை ஒருநாளும் தொடவில்லை. கடைசியில் அட்டைப்பெட்டிகளை இரண்டு அங்குலப் பட்டைகளாக வெட்டி, உள்ளே இருக்கும் நெளிவுகள் மேலே தெரிகிற மாதிரி நெருக்கமாக அடுக்கி, ஒரு பழத்தட்டில் செருகிக் கொடுத்தேன். அதில்தான் இப்போது பிராண்டுவதும் தூங்குவதும். தூணில் மாமாவின் தொப்பி தொங்குகிறது.

உயரம்: பூனையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

நின்று பிராண்டுகிற பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்காலை உச்சிவரை நீட்டி, முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். முழங்கால் உயரத் தூணில் அது முடியாது. கடைகளில் குவிந்திருப்பது அந்த உயரம்தான்.

அளப்பது சுலபம். சுவரோரமாக ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு மெல்ல மேலே இழுங்கள். பூனை எட்டிப் பிடிக்கிற உச்ச இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ராகிக்கு அது 2 அடி 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 79 சென்டிமீட்டர். அந்தக் கோட்டுக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி தூண் வேண்டும். வளர்ந்த பூனைக்கு 80 முதல் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. குட்டிதானே என்று சின்னது வாங்காதீர்கள். ஒரு வருஷத்துக்குள் பள்ளிச் சீருடை மாதிரி ஆகிவிடும்.

ஆட்டம்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒருதரம் சாய்ந்த தூணைப் பூனை மறுபடி நம்பாது. என் வீட்டுக் கதை இதுதான். கடைக்குப் போனால், தூணின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்து உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். அடித்தட்டு ஒரு பக்கம் எழும்பினாலோ, தூணும் தட்டும் சேருகிற இடத்தில் ‘கடக்’ என்று சத்தம் வந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட எடை எவ்வளவு என்று பார்ப்பது மேல். மூன்றடித் தூண் இரண்டு கிலோ என்று போட்டிருந்தால் அது பூனைக்கு ஆகாது. அடித்தட்டு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, மொத்த எடை ஏழெட்டு கிலோவுக்குக் குறையாமல் என்பது என் கணக்கு. எடை கீழே இருக்க வேண்டும். உச்சியில் மெத்தையும் பெட்டியும் வைத்துத் தலை கனத்த மாடல்கள் கூடுதலாக ஆடும். சுவரில் திருகி மாட்டுகிற வசதி இருந்தால் நல்லது. ஓசூரில் வாடகை ஃப்ளாட்டில் இருப்பவர்கள் துளை போட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும், அவர்களுக்குக் கனமான அடித்தட்டுதான் வழி.

கயிறு

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நல்ல தூண்களில் சுற்றியிருப்பது சைசல் கயிறு. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் இருக்கும் சைசல் என்ற துறைமுகத்தின் பெயர்தான் அந்த நாருக்கு வந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் வேலியோரம் ஈட்டி மாதிரி மடலும் நுனியில் முள்ளுமாக நிற்குமே ரயில் கத்தாழை, அதன் நெருங்கிய சொந்தம். மடலை நசுக்கிச் சீவினால் வெளுப்பான, முரட்டு நார் வரும். பூனை நகம் அதில் இறங்கும், பிடிக்கும், இழுத்தால் ‘சரக்’ என்று விட்டுவிடும். அந்தச் சத்தமும் பூனைக்குப் பிடிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

தேங்காய் நார்க் கயிறு மலிவு, எங்கும் கிடைக்கும். சில பூனைகள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தூசி கொட்டும், தினமும் பெருக்க வேண்டும். சணல் மென்மை, சீக்கிரம் பிய்யும். நைலான் வேண்டவே வேண்டாம். வழுக்கும், இழை பிரிந்தால் நகத்தில் மாட்டும். பூனை அதை விழுங்கவும் கூடும். ரோமம் மாதிரித் துணி சுற்றிய தூண்கள் நம் கைக்குச் சுகம், பூனை அதில் முகத்தைத் தேய்த்துவிட்டுச் சோபாவுக்குப் போய்விடும். கார்ப்பெட் சுற்றியதும் எனக்கு உடன்பாடில்லை. தூணில் இருக்கும் கார்ப்பெட்டைப் பிராண்டலாம், தரையில் இருப்பதைப் பிராண்டக்கூடாது என்ற வித்தியாசத்தைப் பூனைக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் மாட்டுக்கயிறு விற்கிற இடத்தில் நார்க் கயிறு தேடினேன். மூக்கணாங்கயிறு, தாம்பு, தலைக்கயிறு எல்லாம் கலர் கலராகத் தொங்கின. நான் பார்த்த கடைகளில் முக்கால்வாசி நைலான். நார் போலவே நிறம் கொடுத்த பிளாஸ்டிக்கும் இருந்தது. பிரித்தறிய ஒரு வழி: ஓர் இழையை உருவி, வீட்டுக்கு வெளியே தீக்குச்சியில் காட்டுங்கள். நார் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகி மணியாகத் திரளும். இன்னொன்று, கயிற்றை முகர்ந்து பாருங்கள். மக்காமல் இருக்க எண்ணெய் தடவிய கயிறும் விற்பனைக்கு வரும், மண்ணெண்ணெய் மாதிரி வாடை அடிக்கும். பூனை நக்குகிற பொருளுக்கு அது வேண்டாம்.

ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். வாங்கும்போதே கயிற்றுச் சுற்றுகளுக்கு நடுவே நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் இரண்டே மாதத்தில் தளர்ந்து தொங்கும். ஸ்டேப்ளர் பின் வெளியே தெரிகிற தூண் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது அழகு

உயரம், ஆட்டம், கயிறு மூன்றிலும் தேறியதை மட்டும் வரிசையில் நிறுத்துங்கள். இனி உங்கள் கண்ணுக்குப் பிடித்ததை எடுக்கலாம். பெரிய பட்டியல் மிஞ்சாது, அதனால் குழப்பமும் இல்லை.

கள்ளிச்செடி வடிவம் இப்போது நிறைய வருகிறது. நடுத்தண்டு உயரமாக இருந்தால் பரவாயில்லை, பக்கக் கிளைகள் வெறும் அலங்காரம்தான். காளான் வடிவத்தில் குடை தாழ்வாக இருக்கும், பூனை நீட்டினால் தலை இடிக்கும். சாயம் போடாத கயிறும் மரமும் எந்த வீட்டிலும் பொருந்திப்போகும். சிவப்புச் சிமெண்ட் தரை, தேக்கு நிலை இருக்கிற பழைய வீட்டில் இன்னும் எடுப்பு. சாயம் பூசிய கயிறு என்றால் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். தூணைக் கூடத்தின் நடுவில்தான் வைக்கப்போகிறீர்கள் (ஏன் என்று கீழே சொல்கிறேன்), அதனால் உங்களுக்குப் பிடித்திருப்பதும் முக்கியம். அசிங்கமாக இருந்தால் நீங்களே மூலையில் தள்ளிவிடுவீர்கள்.

நாமே செய்தால்

எனக்கு எதுவும் திருப்தியாக வரவில்லை. ஒருநாள் பெங்களூர் ரோட்டில் போகும்போது ஒரு கிரானைட் பட்டறை வாசலில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். கிரானைட்டுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு பிளைவுட் தட்டுக்கு ஆன்லைனில் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேனே என்று உறைத்தது. ஒன்றரை அடிச் சதுரத்தில், 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு. தனியாகவே ஏறத்தாழ பத்து கிலோ.

“சமையல் மேடைக்கா, அக்கா?” என்றார் அறுக்கிற தம்பி.

“பூனைக்குப்பா.”

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பூனைக்கு எந்தக் கலர் வேணும்?”

கறுப்பில் எடுத்தேன். ஓரங்களை உருட்டி, நடுவில் குழாய்க்குப் போடுகிற மாதிரி ஒரு துளை, 12 மில்லிமீட்டர் கம்பி போகிற அளவில், போட்டுக்கொடுத்தார்.

மீதி வேலை இப்படி. வீடு கட்டினபோது மிஞ்சிய நாலு அங்குல பிவிசி பைப்பை 85 சென்டிமீட்டருக்கு அறுத்தேன். உப்புத்தாள் போட்டு நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும், வழுவழுப்பில் ஃபெவிகால் நிற்காது. கல்லின் துளை வழியாக மரை போட்ட நீளக் கம்பியை ஏற்றி, கீழே வாஷரும் நட்டும். கல்லின் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டினால் நட்டு தரையில் உரசாது. பைப்பைக் கம்பியின்மேல் இறக்கி, அடியில் ஒரு அடி உயரத்துக்குச் சிமெண்ட் கலவை. பக்கத்து வீட்டில் வேலை செய்த கொத்தனார் ஒரு சட்டி கொடுத்தார். அது ஐந்து கிலோ எடையும் ஆயிற்று, பைப் அசையாமலும் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் காயவிட்டு, மேலே வட்டமாக வெட்டிய மாமரப் பலகையை மூடியாக வைத்து, கம்பியை நட்டுப் போட்டு முறுக்கி, நட்டு பலகைக்குள் அமிழ்ந்திருக்கும்படி செய்தேன்.

கயிறு எவ்வளவு வாங்குவது என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். பைப்பின் வெளிவிட்டம் 11 சென்டிமீட்டர், கயிறு 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 37 சென்டிமீட்டர் போகும். 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு நூறு சுற்று. ஆக 37 மீட்டர். நான் ஐம்பது மீட்டர் சைசல் உருண்டையாக வரவழைத்தேன். காய்ந்த கயிற்றையே சுற்றுங்கள். நனைத்துச் சுற்றினால் ஈரத்தில் சுருங்கியிருக்கும், காய்ந்ததும் தளர்ந்துவிடும். கீழிருந்து தொடங்கி, நாலைந்து சுற்றுக்கு ஒருதரம் கொஞ்சம் ஃபெவிகால், பத்துச் சுற்றுக்கு ஒருதரம் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டி நெருக்குவது. முப்பதாவது சுற்றில் உள்ளங்கை எரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நான் போடவில்லை. நுனியை மூடிப் பலகைக்கு அடியில் செருகி இறுக்கினால் ஆணியே தேவைப்படாது. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

பட்டறையும் நட்டும் வேண்டாம் என்பவர்கள், பட்டையோடு ஒரு மாங்கட்டையோ புளியங்கட்டையோ தேடலாம். இரண்டு வாரம் நல்ல வெயிலில் போட்டு, தட்டிப் பார்த்து, மாவு உதிர்கிறதா, கரையான் இருக்கிறதா என்று கவனித்துவிட்டு அடித்தட்டில் அடியிலிருந்து திருகாணி போட்டு நிறுத்துங்கள். வார்னிஷ், பூச்சிமருந்து எதுவும் வேண்டாம்.

எங்கே வைப்பது

மூலையில் வைக்காதீர்கள். கையெழுத்துப் போடுகிறவன் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் போடுவான். பூனை தூங்குகிற இடத்துக்குப் பக்கம், இல்லையென்றால் ஏற்கெனவே கிழித்துக்கொண்டிருக்கும் சோபாவை ஒட்டி வையுங்கள். சோபா கையில் சில வாரத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்போ அலுமினியத் தாளோ ஒட்டிவையுங்கள். கால் பட்டால் பூனைக்குப் பிடிக்காது. பழக்கம் ஊன்றிய பிறகு தூணை நாளுக்கு ஒரு சாண் வீதம் நகர்த்தி, உங்களுக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டு பூனை என்றால் இரண்டு தூண், வேறு வேறு இடத்தில்.

பூனையின் காலைப் பிடித்துத் தூணில் தேய்த்துக் காட்டாதீர்கள். என் வீட்டுக்காரர் காட்டினார். புறங்கையில் கீறல் வாங்கினதுதான் மிச்சம். பொம்மையை ஒரு நூலில் கட்டித் தூணின் மேல்பக்கம் ஆட்டுங்கள், எட்டிப் பிடிக்கும்போது நகம் கயிற்றில் இறங்கும், அதற்குப் பிறகு விஷயம் அதற்கே புரியும். பிராண்டின உடனே வேகவைத்த மீன், முள் எடுத்து, உப்பில்லாமல் ஒரு துணுக்கு.

பூனையைத் தூணுக்கு இழுக்க வெளிநாட்டில் கேட்னிப் என்ற மூலிகையைத் தூவுவார்கள். நம் ஊரில் அதற்குச் செலவே வேண்டாம். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு, கேள்விப்பட்டிருக்கலாம். பெயருக்குக் காரணம் அதன் வேர். ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி லேசாக நசுக்கித் தூணில் தேய்த்தேன். ராகி வந்து முகர்ந்தது, கன்னத்தைத் தேய்த்தது, கல்லின்மேல் மல்லாந்து புரண்டது. எல்லாப் பூனையும் இப்படி மயங்காது. வேரைத் தேய்த்துவிட்டு எடுத்துவிடுங்கள், மென்று தின்ன விடாதீர்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாதம் ஒருதரம் நட்டை முறுக்குங்கள். கயிறு பிய்ந்து அசிங்கமாகத் தெரிந்தாலும் தூணைத் தூக்கி எறியாதீர்கள், பூனைக்கு அதன் வாசனை ஊறிய அந்தப் பழசுதான் வேண்டும். தேய்கிறது பெரும்பாலும் மேல் அரையடிதான். அந்தப் பகுதியை மட்டும் அவிழ்த்துப் புதுசு சுற்றினால் போதும், ஏழு மீட்டர் பிடிக்கும். மிச்சக் கயிற்றைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன். கதவு திறந்திருந்தால் ராகி அதையும் விட்டுவைப்பதில்லை.